வயிறு புடைத்த ஜப்பான் கிட்டார்

கண்ணு,

நேற்று போனில் நீ ஒரே ஒரு கேள்வி கேட்டாய். கிட்டார் உனக்கு வருகிறதா, பெங்களூர்க்காரருக்குப் போகிறதா? ஆமாம், இல்லை என்று சொல்லிவிட்டு போனை வைக்கிற ஆள்தான் நான். எஸ்டேட்டில் மெஷின் நின்றால்கூட ஓடும், ஓடாது என்று இரண்டே பதில்தான் என்னிடம் உண்டு. ஆனால் நேற்று "எழுதறேன் சாமி" என்று சொன்னேன். நீ சிரித்தாய், பக்கத்தில் இருந்த உன் அம்மாவும் சிரித்தாள். நான் பத்து வரிக்கு மேல் எழுதி இந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை. இந்தப் பதிலை மட்டும் வரிசை மாறாமல் சொல்ல வேண்டியிருக்கிறது. முடிவை மட்டும் சொன்னால் நீ அதைத் தப்பான காரணத்துக்காக நம்பிவிடுவாய். எழுதியதை ஒரு பத்திரிகைக்கும் அனுப்பப் போகிறேன். இந்த ஏற்காட்டு மலையில் இன்னும் எத்தனை வீட்டுப் பரணில் இப்படி ஜப்பான் கிட்டார் கிடக்கிறதோ, அந்த வீட்டுக்காரர்களுக்கும் உதவும். அதனால் உனக்குத் தெரிந்ததையும் சில இடங்களில் சொல்வேன். பொறுத்துக்கொள்.

உனக்கு இருபத்தொன்று, எனக்கு நாற்பத்து மூன்று. பாலிடெக்னிக் முடித்து வேலை கிடைத்ததும் அவசரப்பட்டுக் கல்யாணம் செய்தவன் நான். உன்னைப் பள்ளியில் சேர்க்கப் போனபோது ஆபீசில் இருந்தவர் என்னைப் பார்த்து "அப்பாவக் கூட்டிட்டு வா தம்பி" என்றார். அந்த அவசரம் இன்னும் போகவில்லை. கிட்டார் விஷயத்திலும் அதுதான் முதலில் வேலை செய்தது. உன் அம்மாவின் சித்தப்பா கப்பலில் ஃபிட்டராக இருந்தவர், கோபே துறைமுகத்தில் அதை வாங்கி வந்து நாகலூரில் நம் மாதா கோவில் பாடகர் குழுவுக்குக் கொடுத்தார் என்பது உனக்குத் தெரியும். வாசித்தவர் மலை இறங்கிப் போனபிறகு குழுவில் அதைத் தொட ஆளில்லை. "உங்க சித்தப்பா குடுத்ததுதானே, உங்க ஊட்டுலயே இருக்கட்டும்" என்று திருப்பித் தந்துவிட்டார்கள். உனக்கு அப்போது பத்து வயது. நீ அதை மடியில் வைத்தால் உன் தலை மட்டும்தான் வெளியே தெரியும். நான் அதை ஒரு பழைய சாமான் என்றுதான் நினைத்தேன். ஒலித்துளைக்குள் ஒட்டியிருந்த தாளை நீ படித்துக் காட்டும்வரை.

அந்தத் தாளில் ஒரு எழுத்தும் மூன்று இலக்க எண்ணும் இருந்தன. அது வரிசை எண் என்று நான் நினைத்தேன். தேடிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, எழுபதுகளில் சில ஜப்பானியத் தொழிற்சாலைகளில் மாடல் எண்ணே விலையாக இருந்தது. அந்த எண்ணுக்குப் பின்னால் இரண்டு பூஜ்யம் சேர்த்தால் அதைக் கடையில் விற்ற யென் விலை வந்துவிடும். எனக்கு அது ரொம்பப் பிடித்தது. பொருளின் பெயரிலேயே விலையை எழுதிவைத்த கம்பெனியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அமெரிக்கக் கிட்டாரைப் பார்த்து அளவு மாறாமல், தலைப்பகுதியின் வெட்டுகூட மாறாமல் செய்தார்கள். நகல் என்று பலர் கேலி செய்தார்கள். செய்து செய்து கை பழகியபோது நகல் அசலுக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டது. அன்று நானும் நீயும் பல் டாக்டர் வைத்திருப்பது மாதிரியான கண்ணாடியையும் டார்ச்சையும் உள்ளே விட்டுப் பார்த்தோம். ஒலித்துளையின் விளிம்பில் மரத்தின் ரேகை அப்படியே நேராகக் கீழே இறங்குகிறதா, மூன்று அடுக்காகத் தெரிகிறதா? அடுக்குத் தெரிந்தால் ஒட்டுப்பலகை. நம்முடையதில் ரேகை நேராக இறங்கியது. மேல்பலகை ஒரே மரம். நீ கத்திய கத்தலில் அம்மா பால் பொங்கிவிட்டது என்று நினைத்து அடுப்படிக்கு ஓடினாள்.

அதற்குப் பிறகுதான் எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. ஏற்காட்டில் ஒரு போர்டிங் பள்ளி ஆசிரியர் வேலையை விட்டுப் போகும்போது சாமான்களை விற்றார். அதில் அதே மாடல் கிட்டார் ஒன்று இருந்தது. தாள் பாதி கிழிந்திருந்தது, கம்பி முறுக்கும் சாவிகளை யாரோ மாற்றியிருந்தார்கள். இருந்தாலும் அதே தொழிற்சாலை, அதே மரம். வாங்கி வந்து இரண்டையும் கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்தோம். புதிதாக வந்தது மேசை மாதிரி தட்டையாக இருந்தது. நம்முடையதற்கு மட்டும் கம்பி கட்டும் இடத்தில் வயிறு புடைத்திருந்தது, கழுத்தும் முன்பக்கம் இழுபட்டிருந்தது. நல்ல கிட்டாரில், உடலும் கழுத்தும் சேரும் இடத்துக்கு மேலே, கம்பிக்கும் கட்டைக்கும் நடுவில் ஒரு தீக்குச்சிக்கு மேல் நுழையக் கூடாது. நம்முடையதில் இரண்டை அடுக்கி நுழைக்கலாம். நீ மேலே போய் வாசிக்கும்போது விரல் நுனி கன்றிப்போவது அதனால்தான். ஒரே அச்சில் வார்த்த இரண்டு, ஒரே மலைப் பனியில் இருந்த இரண்டு. ஒன்று மட்டும் ஏன் இப்படி? இந்தக் கேள்வி எனக்கும் உனக்கும் சோற்றில் கல் மாதிரி இருந்தது.

நான் பனியைச் சந்தேகப்பட்டேன். காப்பிக்கொட்டையின் ஈரம் பார்க்கும் மீட்டரை எஸ்டேட்டிலிருந்து எடுத்து வந்தேன். காப்பிக்காரன் வேறு எதை எடுத்து வருவான்? அதன் ஊசியைக் கிட்டாரின் மேல்பலகையில் குத்தப் போனபோது நீ என் கையைப் பிடித்தாய். "ஏனுங்கப்பா, இது மூட்டையா, குத்திப் பாக்கறதுக்கு?" உள்ளே, கண்ணில் படாத கட்டையில் வைத்துப் பார்த்தோம். இரண்டிலும் ஈரம் ஒன்றுதான். பனி குற்றவாளி இல்லை. அதோடு என் புத்தி தீர்ந்துபோயிற்று. காரணத்தைக் கண்டுபிடித்தவள் நீ. ஆன்லைனில் பாடம் கற்க போனில் சுருதி பார்க்கும் ஆப் ஏற்றியிருந்தாய். அதில் சேர்த்த கிட்டாரைக் கோவிலுக்கு எடுத்துப் போனால் ஒவ்வொரு தடவையும் மறுபடி முறுக்க வேண்டியிருக்கிறது, அது ஏன் என்று கேட்டாய். ஞாயிறு பயிற்சிக்கு நானும் வந்தேன். நீ போனை ஆர்மோனியப் பெட்டியின்மேல் வைத்து, "ஒரே ஒரு கட்டையை மட்டும் அழுத்துங்கய்யா" என்றாய். பெட்டி வாசிக்கும் தேவசகாயம் ஐயா அழுத்தினார். முள் ஒரே தாவில் அடுத்த சுரத்துக்குப் பக்கத்தில் போய் நின்றது.

"போனு கெட்டுப் போச்சுங்களா கண்ணு?"

"போன் நல்லாத்தானுங்க இருக்குது. பெட்டிதான் ஏறி நிக்குது."

"ஏறி நிக்கறதுக்கு அது என்ன ஆட்டுக்குட்டியா? இந்தப் பெட்டிக்கு ஊரே பாடியிருக்குது. உன்ற போனுக்கு யாரு பாடியிருக்கறாங்க?"

நான் என் போனையும் எடுத்து வைத்தேன். அதுவும் அதையே காட்டியது. ஐயா இரண்டையும் பார்த்துவிட்டு, "ரெண்டும் ஒரே கடையில வாங்குனதுங்களா?" என்றார். பாடகர் குழு முழுவதும் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். கிட்டார் இங்கே இருந்தபோது அதை எதற்குச் சேர்ப்பீர்கள் என்று கேட்டேன். "பெட்டிக்குத்தானுங்க, வேற எதுக்குங்க?" வாசித்து முடித்ததும் கம்பியைத் தளர்த்துவீர்களா? "எதுக்குங்க தளத்தோணும்? அடுத்த ஞாயித்துக்கெழமை வந்து மறுபடியும் முறுக்கறதுக்கா? பாதிரியாரு மணியடிச்சா ஆரம்பிச்சுருவாருங்க, நமக்காக நிப்பாரா? கேரல்ஸுக்குப் போறப்ப இன்னுங் கொஞ்சம் முறுக்குவமுங்க, எஸ்டேட் லைன் ஊட்டுக்கெல்லாம் கேக்கோணுமில்லீங்க." நல்ல சுருதியில் இருக்கும்போதே ஆறு கம்பியும் சேர்ந்து ஒரு வளர்ந்த ஆளின் எடைக்கு இழுக்கும். அரை சுரம் ஏற்றினால் அந்த இழுவையில் எட்டில் ஒரு பங்கு கூடும். பாட்டு முடிந்தும் தளர்த்தாமல், மறு வாரம்வரை, மறு வருடம்வரை. வயிறு புடைக்காமல் என்ன செய்யும்? கோவிலில் யாரும் தப்பு செய்யவில்லை. பெட்டி எங்கே நிற்கிறதோ அங்கே எல்லோரும் போய் நின்றார்கள், கிட்டாரும் போய் நின்றது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நாம் இருவரும் அதையே பேசிக்கொண்டு வந்தோம். கண்டுபிடித்துவிட்டோம் என்ற சந்தோஷத்தில் அதை எப்படிச் சரிசெய்வது என்று நான் யோசிக்கவேயில்லை.

சரிசெய்ய இரண்டு வழி. கம்பி கட்டும் கட்டையைச் சீவி உயரத்தைக் குறைக்கலாம், அது சுலபம், ஆனால் சத்தம் செத்துப்போகும். அல்லது கழுத்தையே கழற்றி, கோணத்தைத் திருத்தி, மறுபடி ஒட்டலாம். சரியான வைத்தியம் அதுதான். உனக்கு ஹைதராபாத்தில் இசை ஆசிரியை வேலை உறுதியானபோது நீ கேட்டதும் அதைத்தான். தினமும் ஐந்தாறு வகுப்பு, புண்ணான விரலோடு முடியாது என்றாய். நியாயம். தட்டையானது இருக்கிறதே என்றதற்கு, கை பழகினது இதில்தான் என்றாய். அந்த வாரம்தான் பெங்களூர்க்காரர் வந்தார். இணையத்தில் நான் போட்ட படத்தைப் பார்த்துவிட்டு வந்தவர். தாள் கிழிந்த கிட்டாரை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நம்முடையதன்மேல் அரை மணி நேரம் குனிந்திருந்தார். சாவி பழசு, கட்டை பழசு, தாள் முழுசு. "கழுத்தைக் கழட்டாத பீஸ் சார் இது. தயவுசெஞ்சு எதுவும் செய்யாதீங்க. இந்த அழுக்கைக்கூடத் துடைக்காதீங்க, அதுவும் ஒரிஜினல்தான்" என்றார். அவர் சொன்ன தொகையைக் கேட்டதும் அம்மா அவருக்கு இரண்டாவது தடவை காப்பி போட்டாள். கொடுக்கும்போது சும்மா இருக்காமல், "அழுக்குக்கும் வெலைங்களா? அப்ப எங்க அடுப்படியவும் ஒரு பார்வை பாத்துட்டுப் போங்க" என்றாள். வயிறு புடைத்திருக்கிறதே என்று நான் கேட்டதற்கு அவர் சிரித்தார். "நான் வாசிக்கறதில்ல சார். கண்ணாடி அலமாரியில வெச்சுப் பாக்கறதோட சரி."

நான் விற்கலாம் என்ற கட்சி. நீ வேண்டாம் என்ற கட்சி. ஒண்டிக்கடை நிறுத்தத்தில் சேலம் பஸ்ஸுக்கு நின்றபோது நான் உனக்குக் கணக்குச் சொன்னேன். அதை விற்றால் வாசிக்க வசதியான புதுக் கிட்டார் இரண்டு வாங்கலாம், ஒன்று கெட்டால் ஒன்று. நீ துணிப்பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தாய். "ஏனுங்கப்பா, நல்லா ஓடற மெஷினை ஒருத்தர் வாங்கிட்டுப் போயி ஓட்டவே மாட்டேன்னு சொன்னா, குடுப்பீங்களா?" என்றாய். நல்ல விலை கொடுத்தால் கொடுப்பேன் என்றேன். "அப்பச் சரிங்க" என்றாய். உன் 'சரிங்க' எனக்குத் தெரியும், அதில் சரி இருக்காது. பஸ் ஏறியபிறகு ஜன்னலில் தலையை நீட்டி, "விக்கறதுன்னா வித்துருங்க. செய்யறதுன்னா செஞ்சுருங்க. நடுவுல மட்டும் தொங்க விட்டுறாதீங்க" என்றாய். பஸ் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். நான் விற்பது என்று முடிவு செய்துதான் வீட்டுக்கு வந்தேன். அதை மறைக்கப் போவதில்லை.

பெங்களூர்க்காரர் பணம் அனுப்புமுன் கழுத்து உடலோடு சேரும் இடத்தைக் கிட்டத்தில் படமெடுத்து அனுப்பச் சொன்னார். எடுத்தேன். அழுக்கில் எதுவும் தெளிவாக விழவில்லை. நாலு தடவை எடுத்தும் விழவில்லை. எனக்குப் பொறுமை கிடையாது என்று உனக்குத் தெரியும். ஈரப் பஞ்சால் அந்த இடத்தை மட்டும் துடைத்தேன். கழுத்தின் நுனி மேல்பலகைமேல் படுத்திருக்கும் இடம் அது. பஞ்சில் பூட் பாலிஷ் மாதிரி கறுப்பாக வந்தது. கறுப்புப் போன இடத்தில் வெளுத்த மரத்தில் ஒரு மெல்லிய ஆப்பு தெரிந்தது. ஒரு பக்கம் நூல் கனம், மறுபக்கம் அட்டைக் கனம். தட்டையான கிட்டாரை எடுத்து அதே இடத்தைப் பார்த்தேன். அதில் ஆப்பு இல்லை, கழுத்து நேராகப் பலகைமேல் உட்கார்ந்திருந்தது. பூதக்கண்ணாடியை எடுத்து வந்தேன். அந்த வெள்ளை மரத்தில் வலை பின்னின மாதிரி புள்ளி புள்ளியாக மினுமினுப்பு. எனக்கு அது எங்கேயோ பார்த்த மரம். எங்கேயோ என்ன, தினமும் பார்க்கும் மரம். எஸ்டேட் மரக்கிடங்குக்குப் போய், காப்பிக்கு நிழலுக்காக வளர்க்கும் சில்வர் ஓக்கில் ஒரு துண்டை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தேன். அதே வலை. யாரோ இந்த மலையில் அந்தக் கழுத்தை ஏற்கெனவே கழற்றி, கோணத்தைத் திருத்தி, நம் ஊர் மரத்தில் ஆப்பு வைத்து, பாலிஷ் தடவி மூடியிருக்கிறார்கள். அவர்கள் செய்ததையும் பெட்டியின் சுருதி மறுபடி இழுத்துவிட்டிருக்கிறது.

யார் செய்தது? தேவசகாயம் ஐயாவைக் கேட்டேன். "கழுத்தா? அது எனக்குத் தெரியாதுங்க. நான் சின்னப் பையனா இருந்தப்ப ஒரு ஈஸ்டருக்கு முன்னால கொஞ்ச நாளு கிட்டார் இல்லாமப் பாடுனமுங்க. அப்புறம் வந்துருச்சு. எங்க போச்சுன்னு யாரும் கேக்கலீங்க. வந்துருச்சுல்லீங்க" என்றார். மாரமங்கலத்தில் பழைய தச்சர் வீடு ஒன்று உண்டு என்றார்கள். போனேன், அவர்கள் கட்டில், கதவு தவிர வேறு எதையும் தொட்டதில்லையாம். இன்றுவரை தெரியவில்லை. உனக்கு லீவு கிடைத்தால் வந்து தேடு. என்னைவிட நீ நன்றாகக் கேள்வி கேட்பவள்.

இனி நான் செய்ய வேண்டியது ஒன்றுதான் என்று உனக்குத் தோன்றும். எனக்கு அவ்வளவு சுலபமாகத் தோன்றவில்லை. கறுப்புப் பாலிஷ் டப்பா வாசலில் செருப்புக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. தடவினால் பழையபடி ஆகிவிடும். அரை மணி நேரம் குனிந்து பார்த்தவரே கண்டுபிடிக்காதது, இனி யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? டப்பாவை எடுத்துத் திறந்தேன், கண்ணு. அம்மா துணி மடித்துக்கொண்டே, "எங்கீங்க போறீங்க, பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுட்டு?" என்றாள். எங்கேயும் இல்லை என்றேன். மூடி வைத்துவிட்டு, ஆப்பு நன்றாகத் தெரிகிற மாதிரி படமெடுத்து அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் அவர் கூப்பிட்டார். "நீங்க அனுப்பலேன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காதே சார்" என்றார். அதனால்தான் அனுப்பினேன் என்றேன். நல்ல மனுஷன், கோபப்படவில்லை. "மன்னிச்சுக்குங்க சார். இனிமே எனக்கு இது வெறும் கிட்டார்தான்" என்று சொல்லிவிட்டு வைத்தார். இத்தனை நாளில் அதற்குக் கிடைத்த சரியான மதிப்பு அதுதான் என்று எனக்குப் பட்டது. உனக்கு வேண்டியது வெறும் கிட்டார்தானே?

பிறகு காத்திருக்க எனக்கு முடியவில்லை. கழுத்தைக் கழற்றும் பாடத்தைப் போனில் பார்த்துப் பார்த்து இரண்டு நாள் ஓட்டினேன். மூன்றாம் நாள் குக்கரின் வெயிட்டைக் கழற்றி அங்கே ரப்பர் குழாயை மாட்டினேன். குழாயின் மறுமுனையில் ஃபுட்பாலுக்குக் காற்றடிக்கும் ஊசி. கழுத்தில் ஒரு உலோகப் பட்டையை எடுத்து, அதன் அடியில் சின்னத் துளை போட்டு, மூட்டுக்குள் ஆவியை விட்டேன். "ஏனுங்க, பருப்பு எதுல வேகும்?" என்றாள் அம்மா. இன்றைக்கு ரசம் போதும் என்றேன். தொழிற்சாலையில் ஒட்டியது அப்படியே இருந்திருந்தால் அந்தக் காலத்து இறுகின பசை ஆவிக்கு அசையாமல் மரத்தைப் பிய்த்துக்கொண்டு வந்திருக்கலாம். அந்தப் பயம் எனக்கு இருந்தது. ஆனால் இந்த மலைக்காரர் மறுபடி ஒட்டியபோது தச்சர்கள் காய்ச்சும் வச்சிரப் பசையைப் போட்டிருக்கிறார். சூட்டுக்கு அது இளகும். ஆடுகிற பல் மாதிரி கழுத்து கையோடு வந்தது. எது அதன் விலையைக் கெடுத்ததோ அதுதான் எனக்கு வழி விட்டது. நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து அந்த மூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உளி போன தடம் அவ்வளவு சுத்தம். யார் என்று தெரியாத ஒருவரோடு பேசிக்கொண்டிருந்த மாதிரி இருந்தது.

கோணத்தைத் திருத்தி, நானும் வச்சிரமே காய்ச்சி ஒட்டினேன். அடுத்துத் திறப்பவருக்கும் வழி வேண்டுமே. ஆப்பையும் அதே சில்வர் ஓக்கில் புதிதாகச் சீவி வைத்தேன். பாலிஷ் தடவவில்லை, வெள்ளையாகவே விட்டிருக்கிறேன். பசை இறுகுமுன் நான் பிரித்துவிடுவேன் என்று பயந்து அம்மா அறையைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டாள். எங்கே என்று இன்றும் சொல்லவில்லை. திறந்தபிறகு கம்பி பூட்டி, உன் ஆப் சொல்கிற சுருதிக்குச் சேர்த்தேன். ஒரு தீக்குச்சி நுழைந்தது, இரண்டாவது நிற்கவில்லை. வயிறு முழுதாக இறங்கவில்லை, இறங்கவும் இறங்காது. எனக்குத் தெரிந்தது ஜி கார்டு ஒன்றுதான், அதைப் போட்டுத் தட்டினேன். கோவிலில் கேட்டதைவிடக் கொஞ்சம் கீழே, கொஞ்சம் அகலமாக வந்தது. அம்மா அடுப்படியிலிருந்து, "அது என்னங்க, வேற கிட்டாரா?" என்று கேட்டாள்.

ஆக, கிட்டார் உனக்குத்தான். அடுத்த மாதம் அம்மா ரயிலில் வரும்போது கொண்டு வருவாள். லக்கேஜில் போட மாட்டாள், மடியிலேயே வைத்துக்கொள்வாளாம். ஹைதராபாத் காற்று காய்ந்தது, பனியில் வளர்ந்த மரம் அங்கே பிளக்கும். சோப்பு டப்பாவில் துளை போட்டு, உள்ளே ஈர ஸ்பாஞ்ச் வைத்து, கிட்டார்ப் பெட்டிக்குள்ளேயே போட்டு வை. லீவில் போகும்போது கம்பியைத் தளர்த்து. பள்ளியில் ஆர்மோனியம் இருந்தால் அதற்காகக் கம்பியை முறுக்காதே, கழுத்தில் மாட்டிக் கம்பிகளை அழுத்தும் கிளிப்பால் சுருதியை ஏற்றிக்கொள். தட்டையான கிட்டாரைக் கோவிலில் யாராவது வாசிக்கட்டும் என்று தேவசகாயம் ஐயாவுக்கும் ஒரு கிளிப் வாங்கிக் கொடுத்தேன். பெட்டியை இறக்க முடியாது, கிட்டார் வேண்டுமானால் ஏறி வரட்டும் என்றார். வாசிக்காமல் மட்டும் வைத்துவிடாதே.

என்றைக்காவது உனக்கு அது வேண்டாம் என்று ஆனால் விற்றுவிடு. எனக்கு வருத்தம் இருக்காது, அம்மாவுக்கு இருக்கும், அவளை நான் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் வாங்க வருபவர் ஒலித்துளைக்குள் டார்ச் அடிக்குமுன்பே, இது இரண்டு தடவை கழற்றியது என்று நீயே சொல்லிவிடு. அதைக் கேட்டபிறகும் டார்ச்சைக் கீழே வைத்துவிட்டுக் கிட்டாரை மடியில் எடுத்து வைக்கிறவர் யாரோ, அவர் சொல்லும் விலைக்கே கொடுத்துவிடு.

அப்பா